நிலத்தடிக் குழாய், கேபிள் கண்டறியும் கருவிகள்: வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சிறு ஒப்பந்ததாரர், பொள்ளாச்சி): ஊராட்சிகளில் குடிநீர்க் குழாய் பதிக்கும் பணியும், தனியார் நிறுவனங்களுக்கு ஃபைபர் கேபிள் பள்ளம் எடுக்கும் பணியும் செய்து வருகிறேன். ஜேசிபி தோண்டும்போது ஏற்கெனவே உள்ள கேபிள்களும் குழாய்களும் அடிபட்டு, இழப்பீடு கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஜிபிஆர் (நிலத்தை ஊடுருவும் ரேடார்) வாங்கினால் மண்ணுக்குள் இருப்பதெல்லாம் தெரியும் என்கிறார் ஒரு விற்பனையாளர். கேபிள் லொக்கேட்டரே போதும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் பள்ளத்தில் குறுக்கிடும் குழாய் எதனால் ஆனது, மண் எப்படிப்பட்டது என்ற இரண்டும் தெரிந்தால்தான் மீதிப் பாதி விளங்கும். லொக்கேட்டர் என்னும் மின்காந்தக் கருவி குழாயைப் பார்ப்பதில்லை. உலோகத்தில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் தன்னைச் சுற்றி எழுப்பும் காந்தப்புலத்தை மட்டுமே உணர்கிறது. ஆகவே மின்கேபிள், பழைய தொலைபேசிச் செம்புக் கேபிள், வார்ப்பிரும்புக் குழாய், உலோக உறை கொண்ட ஃபைபர் கேபிள் ஆகியவை அதற்கு அகப்படும். பிவிசி, எச்டிபிஇ, சிமென்ட் குழாய்கள் அகப்படா. எச்டிபிஇ குழாய்க்குள் உலோக உறையில்லாத ஃபைபர் ஓடினால் அதுவும் அகப்படாது. வீடுகளுக்கு எரிவாயு கொண்டுசெல்லும் மஞ்சள் பாலிஎதிலின் குழாயும் அப்படியே. இதில் ஏமாந்தால் விளைவு இழப்பீட்டோடு நிற்காது.

லொக்கேட்டர் வாங்குவதானால் ரிசீவரை மட்டும் வாங்காதீர்கள். தனி ரிசீவர், கேபிளில் இயல்பாக ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தையும், தொலைதூர வானொலி நிலையங்களின் அலைகள் உலோகத்தில் தூண்டும் மெல்லிய மின்னோட்டத்தையுமே நம்பியிருக்கிறது. பகலில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் தெருவிளக்குக் கேபிளில் மின்னோட்டமே இல்லாததால், நேர் மேலே நின்றாலும் 50 ஹெர்ட்ஸை மட்டும் தேடும் மின்சார நிலையில் ரிசீவர் வாய் திறக்காது. மூன்று ஃபேஸும் சமமாகச் சுமை ஏற்கும் பெரிய கேபிளிலும் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால் சிக்னல் எதிர்பாராத அளவுக்குக் குறைந்துவிடும். இதனால்தான் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். வால்வு, மீட்டர் போன்று வெளியே தெரியும் உலோகப் பகுதியில் வயரை நேரடியாக இணைத்துச் சிக்னல் செலுத்துவதே மிகத் துல்லியமான முறை. கேபிளைச் சுற்றிக் கிளாம்ப் மாட்டுவது அடுத்தது. எதையும் தொடாமல் தரையில் வைத்துத் தூண்டுவது கடைசி. மின்சாரம் உள்ள கம்பியில் டிரான்ஸ்மிட்டரின் கிளிப்பை ஒருபோதும் மாட்டக் கூடாது. கிளாம்ப் மாட்டுவதையும் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

512 ஹெர்ட்ஸ், 8 கிலோஹெர்ட்ஸ், 33 கிலோஹெர்ட்ஸ் என்று பட்டியலில் காணும் அலைவரிசைகள் வெறும் அலங்காரம் அல்ல. குறைந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், பக்கத்துக் கேபிளுக்கு எளிதில் தாவாது; ஆனால் ரப்பர் வளையம் வைத்து இணைத்த இரும்புக் குழாயில் ஒவ்வொரு இணைப்பிலும் தடைபடும். அங்கே உயர்ந்த அலைவரிசைதான் தாண்டிச் செல்லும். அதே வேகத்தில் அருகிலுள்ள மற்றக் கேபிள்களிலும் ஏறி உங்களைத் திசைதிருப்பும். மூன்று அலைவரிசைகளையாவது தரும் கருவியே உங்கள் வேலைக்குப் பொருந்தும்.

இப்போது ஜிபிஆருக்கு வருவோம். அது ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளப்பதால், பிளாஸ்டிக் குழாயையும் காட்ட வல்லது. ஆனால் அதன் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மண். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரி மணல் போன்ற உலர்ந்த மணலில் அது நன்றாக வேலை செய்யும். ஈரமான கரிசல் மண்ணில் அலை விரைவில் உறிஞ்சப்பட்டு ஒரு மீட்டர் ஆழம்கூட எட்டாமல் போகலாம்; கடலோரத்து உவர்நீர் ஏறிய நிலத்திலும் இதே கதைதான். கோவை மாவட்டத்தில் செம்மண்ணும் கரிசலும் கலந்து வருவதால், காலையில் பளிச்சென்று காட்டிய கருவி மாலையில் அடுத்த ஊரில் மங்கிப்போனால் கருவியில் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஆழக் கணக்கும் மண்ணைப் பொறுத்தே மாறும்: எதிரொலி 20 நானோ வினாடியில் திரும்பினால், உலர்ந்த மணலில் அது ஏறத்தாழ 1.5 மீட்டர் ஆழம். ஈரக் களிமண்ணில் ஏறத்தாழ 0.6 மீட்டர்தான். அலையின் வேகத்தை அந்தந்த இடத்தில் திருத்தத் தெரியாதவர் கையில் திரையிலுள்ள எண்ணுக்கு மதிப்பில்லை. திரையில் தோன்றும் வளைகோடு குழாயா, வேரா, பாறையா என்று பிரித்தறியவும் பழக்கம் வேண்டும்.

என் கருத்து: டிரான்ஸ்மிட்டர், கிளாம்ப், குழாய்க்குள் செலுத்தும் சிறு சிக்னல் கருவியான சோண்ட் ஆகியவற்றோடு ஒரு லொக்கேட்டர் செட்டைச் சொந்தமாக வாங்குங்கள், ஜிபிஆரை, அதை இயக்கத் தெரிந்த ஆளோடு சேர்த்து, தேவைப்படும் நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு அமர்த்துங்கள். ஜிபிஆர் விலை லொக்கேட்டரைவிடப் பல மடங்கு. அதை ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பயன்படுத்தும் ஒப்பந்ததாரருக்கு முதல் திரும்புவது கடினம். ரேடியோடிடெக்‌ஷன், விவாக்ஸ்-மெட்ரோடெக், லைக்கா, ரிட்ஜிட் என எந்த நிறுவனத்தின் கருவியானாலும் விற்பனையாளரின் அலுவலக வாசலில் டெமோ பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நீங்களே பதித்து, ஆழமும் பொருளும் உங்களுக்குத் தெரிந்த ஒரு குழாய்மீது, உங்கள் ஊர் மண்ணில் காட்டச் சொல்லுங்கள். ஆழத்தை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

கருவி கைக்கு வந்த பிறகும் இரண்டு சோதனைகளைப் பழக்கமாக்குங்கள். ரிசீவரின் உச்ச நிலையில் சிக்னல் மிகுந்து காட்டும் புள்ளியும், வெறுமை நிலையில் சிக்னல் அற்றுப்போகும் புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். 15 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் பக்கத்துக் கேபிள் புலத்தைக் குலைக்கிறது என்று பொருள், அந்த இடத்தில் ஆழ அளவை நம்பக் கூடாது. அடுத்து, ரிசீவரைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயர்த்தினால் ஆழமும் அதே அளவு கூட வேண்டும். கருவி காட்டும் ஆழம் குழாயின் மையம் வரையிலானது என்பதையும் ஜேசிபி ஓட்டுநருக்குச் சொல்லிவையுங்கள்: 300 மில்லிமீட்டர் குழாயின் முதுகு அதற்கு 150 மில்லிமீட்டர் மேலேயே இருக்கும். குறித்த இடத்தில் கையால் சோதனைக் குழி எடுத்துக் குழாயைக் கண்ணால் பார்த்த பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு தொடங்கிவைத்த ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் தோண்டப்போகும் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பதாகப் பதிந்துள்ள நிறுவனங்களுக்குத் தகவல் போகும். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை ஃபைபர் கேபிள் வெட்டுப்படுவதாகவும், இழப்பு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்றும் தொலைத்தொடர்புத் துறையே அப்போது கணக்குச் சொன்னது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைத்தொடர்புக் கட்டமைப்பைச் சேதப்படுத்துவோருக்கு இழப்பீட்டோடு 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. செயலியில் பதியாத ஊராட்சிக் குழாய்களுக்கு அந்த ஊர் டேங்க் ஆப்பரேட்டரைக் கேளுங்கள். எந்த வால்விலிருந்து எந்தத் தெருவுக்குத் தண்ணீர் திரும்புகிறது என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி (இல்லத்தரசி, திருப்பூர்): எங்கள் வீட்டில் போர்வெல்லிலிருந்து சம்ப்புக்கு வரும் பிவிசி குழாய் எங்கே போகிறது என்று தெரியவில்லை. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ‘நிலத்தடி வயர் டிடெக்டர்’ உதவுமா?

பதில்: உதவாது, பணத்தை வீணாக்க வேண்டாம். அது ஆழமில்லாமல் ஓடும் கம்பியின் ஒரு முனையில் சிக்னல் கொடுத்துத் தேடும் சிறு கருவி. பிவிசியில் அந்தச் சிக்னல் ஓடாது. சோண்ட் வைத்திருக்கும் குழாய் அடைப்பு நீக்கும் பணியாளர் ஒருவரை அரை நாள் அழையுங்கள். சம்ப்பில் விழும் முனை வழியாகச் சோண்டைத் தள்ளி, மேலிருந்து ரிசீவரால் பின்தொடர்ந்து போகலாம். கூர்மையான எல்போ இருந்தால் மட்டும் அது அங்கே நின்றுவிடும். பாதை தெரிந்ததும் சுவரிலிருந்து அளந்து ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

கேள்வி (தனியார் சர்வேயர், திருச்சி): நிலத்தடிக் குழாய்களுக்கு வரைபடம் தயாரிக்கும் பணி கிடைத்துள்ளது. ஜிபிஎஸ் உள்ளேயே பொருத்தப்பட்ட லொக்கேட்டர் வாங்கினால் தனி ஜிபிஎஸ் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: உள்ளமைந்த சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் வரை பிழை காட்டக்கூடியது. குறுகிய தெருவில் அந்தப் பிழை, வலப்பக்கக் குழாயை இடப்பக்க வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். சென்டிமீட்டர் அளவில் வேலை செய்யும் ஆர்டிகே ரிசீவரோடு புளூடூத் வழியாக இணையும் லொக்கேட்டரா என்று பாருங்கள். திருத்தத் தரவுக்கு இந்திய நில அளவைத் துறையின் சிஓஆர்எஸ் (ஓயாமல் இயங்கும் நிலையான குறிப்பு நிலையங்கள்) வலையமைப்பைப் பயன்படுத்தலாம். உயர்ந்த கட்டடங்களும் மரங்களும் நெருங்கிய தெருக்களில் ஆர்டிகேவும் தடுமாறும், அங்கே கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன்தான் கைகொடுக்கும்.

கருவியைவிட முக்கியமானது, ஒவ்வொரு கோட்டையும் எந்த ஆதாரத்தில் வரைந்தீர்கள் என்று பதிவதே. அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கத்தின் ஏஎஸ்சிஇ 38 தரநிலை இதை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: பழைய ஆவணங்களை மட்டும் வைத்து வரைந்தது டி, மேலே தெரியும் மூடிகளையும் வால்வுகளையும் அளந்து சேர்த்தது சி, கருவியால் கண்டது பி, தோண்டிக் கண்ணால் பார்த்தது ஏ. பிரிட்டனின் பாஸ் 128 தரநிலையும் இதே போக்கில் அமைந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தப் படி என்று எழுதாமல் மீட்டருக்கு இவ்வளவு என்று மட்டும் விலை பேசினால், டி படிக்கான கூலியில் ஏ படிக்கான பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

கேள்வி (தனியாள் தொழில் செய்பவர், சேலம்): பழைய லொக்கேட்டர் ஒன்றை விற்பனையாளரிடமிருந்து வாரண்டியோடு வாங்கினேன். ஆழம் தவறாகக் காட்டுகிறது, அவர் கைவிரிக்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை, ஆனால் சுயதொழில் வழியே பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. கோவை பிஎஸ்ஜி நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. ஆட்டோவைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், பிறர் மட்டுமே ஓட்டுவதற்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்பது அதன் சாரம். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் உரிமை போகாது. நீங்களே கருவியை இயக்குபவராகத் தெரிவதால் புகார் செய்ய வழியுண்டு. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் கருவியை உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்கு அனுப்பி, அளவுத் திருத்தச் சோதனை செய்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பக்கத்துக் கேபிளால் ஏற்பட்ட பிழை என்று விற்பனையாளர் காரணம் காட்டி நழுவாதிருக்க இதுவே வலுவான சான்று. பிறகு பில், வாரண்டிச் சீட்டு, அறிக்கை ஆகியவற்றின் நகல்களோடு பட்டுவாடாச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அவருக்குக் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து, கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.