பெயரில்லாச் சிற்பி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் கர்நாடகத்தில் ஹொய்சளர் காலக் கோயில்கள் உள்ள பேளூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றுக்கும் போய்வந்தோம். திரும்பியதிலிருந்து வேறு நினைவே இல்லை. மலைக்காட்டில் இருந்த ஒரு சிறு தலைவர் குடும்பம் இத்தனை விரைவில் எப்படி எழுந்தது? சோழர் கோயில்களைப் பார்த்துத்தானே ஹொய்சளர்கள் கட்டக் கற்றிருக்க வேண்டும்? ஹொய்சள அரசன் விஷ்ணுவர்த்தனனை இராமானுஜர் வைணவராக்கினார் என்பது உண்மையா?

இந்தக் கோயில்களைச் செதுக்கியதாகச் சொல்லப்படும் சிற்பி ஜக்கணாச்சாரியின் கதையை வழிகாட்டி சொன்னபோது என் மனைவி அழுதுவிட்டாள். தங்கள் பெயரைக்கூட எழுதிவைக்காமல் இறைவனில் கரைந்துபோனார்களே, அந்தச் சிற்பிகளல்லவா கலைஞர்கள்? இன்று நாம் எல்லோரும் பெயருக்காக அலைகிறோம். நான் எடுத்த சில படங்களை இணைத்திருக்கிறேன்.

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோமநாதபுரத்தின் வெளிச்சுவர், நின்ற கோலத்தில் திருமால், தலைக்கு மேல் கொடிப்பந்தல். நல்ல காலை வெயிலில் எடுத்திருக்கிறீர்கள். படத்துக்கு நீங்கள் இட்டிருக்கும் தலைப்பு ‘பெயரறியாச் சிற்பியின் கைவண்ணம்’. பீடத்தின் விளிம்பில் ஒரு வரி எழுத்து இருக்கிறது. நிழல் விழுந்திருந்தாலும் படிக்க முடிகிற எழுத்துதான். எனக்குக் கன்னடம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால் மைசூரிலுள்ள நண்பருக்கு அனுப்பினேன். காபி குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: மல்லிதம்ம.

பெயருக்கு முன்னால் நின்றுகொண்டே பெயரில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன், அதுவும் அச்சில். அதனால்தான் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன்.

அரசியல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஹொய்சள குலத்தின் முதல்வனாகச் சொல்லப்படும், புலியைக் குத்திய சளன் கதையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அரச குலத்துக்கும் ஒரு புலியோ ஒரு முனிவரோ கிடைத்துவிடுகிறார்கள். ஹொய்சளர்கள் சோசவூர்க்காரர்கள், இன்று சிக்கமகளூர் மாவட்டத்தில் அங்கடி என்று அழைக்கப்படும் சிற்றூர் அது. ‘மலைத்தலைவர்களுள் வீரன்’ என்று பொருள்படும் பட்டத்தைப் பெரிய அரசர்களான பிறகும் அவர்கள் விடவில்லை. மேலே கல்யாணிச் சாளுக்கியர், கீழே காவிரிக் கரையில் சோழர், நடுவே இவர்கள். சாளுக்கியருக்கு அடங்கிய சிற்றரசர்களாக இரண்டு மூன்று தலைமுறை காத்திருந்தார்கள். காவிரிக் கரையிலுள்ள தழைக்காடு (கன்னடத்தில் தலகாடு) அப்போது நூறாண்டுக்கும் மேலாகச் சோழர் கையில் இருந்தது. முதலாம் குலோத்துங்கனின் இறுதிக் காலத்தில் சோழரின் பிடி தளர்ந்தது. 1116இல் விஷ்ணுவர்த்தனன் தழைக்காட்டைப் பிடித்தான். தன் பொற்காசுகளில் ‘தலகாடுகொண்ட’ என்று பொறித்துக்கொண்டான். மறு ஆண்டே, 1117இல், பேளூரில் விஜயநாராயணர் கோயில் எழுந்தது. சாளுக்கியரிடமிருந்து முழுமையாக விடுபட அவன் பேரன் இரண்டாம் வல்லாளன் வரை, அதாவது அந்த நூற்றாண்டின் கடைசிவரை, பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு பெரிய அரசுகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும் இடத்தில் மூன்றாவது ஒன்று முளைப்பது வரலாற்றில் புதிதல்ல.

இராமானுஜர் கேள்விக்கு ஒரு பத்திக்கு மேல் செலவிட எனக்கு விருப்பமில்லை. விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலை கடைசிவரை சமணராகவே வாழ்ந்தார். 1123இல் சிரவணபெளகொளவில் பஸதி, அதாவது சமணக் கோயில், கட்டினார். படைத்தலைவன் கங்கராஜன் சமணன். அவன் மகன் போப்பன் 1133இல் ஹளேபீட்டில் பார்சுவநாதருக்குக் கோயில் எடுத்தபோது, அங்கிருந்து வந்த பிரசாதத்தை அரசன் வணங்கி ஏற்று, அந்தத் தெய்வத்துக்கு விஜயபார்சுவர் என்று பெயரிட்டதாகக் கல்வெட்டே சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘மதமாற்றம்’ என்ற இன்றைய சொல்லை அந்த மனிதன் மேல் எப்படி ஒட்டுவது?

சோழரிடம் கற்றார்களா என்று கேட்கிறீர்கள். நம்மவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. எதைப் பார்த்தாலும் நம் வீட்டிலிருந்து எடுத்துப்போனதா என்று சரிபார்க்கும் பழக்கம் நமக்கு. தஞ்சைக்கு எடுத்தது கருங்கல். பேளூருக்கு எடுத்தது மாக்கல். உங்கள் பாட்டி வீட்டில் மாக்கல் சட்டி இருந்திருக்கும், புளிக்குழம்பு இறக்கிவைத்த பிறகும் கொதிக்குமே, அதே இனக் கல். கன்னடத்தில் பளபத கல்லு என்பார்கள். நாம் சிலேட்டில் எழுதிய பலப்பமும் அதே சொல்தான். வெட்டி எடுத்த புதிதில் கத்தி வைத்தாலே இழையும். காற்றுப்பட்டு ஆண்டுகள் போகப்போக இறுகும். அதனால்தான் அந்தச் சிலைகளின் நகைகளில் ஒவ்வொரு மணிக்கும் பின்னால் வெளிச்சம் புகுகிறது. இந்தக் கல்லில் வேலை செய்யும் கையைச் சாளுக்கிய நாட்டில் பழக்கிவிட்டிருந்தார்கள், லக்குண்டியிலும் கதகிலும். ஹொய்சளர் அங்கிருந்துதான் ஆள் அழைத்தார்கள். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. வந்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பேளூரில் தூண்களுக்கு மேல் சாய்வாக நிற்கும் மதனிகைகளை, அந்தப் பெண் சிற்பங்களை, அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஐந்து சாவணன் செய்தவை. நான்கு அவன் தந்தை தாசோஜன் செய்தவை. பள்ளிகாவியிலிருந்து வந்தவர்கள். நாகோஜன் என்றொருவன் கதகிலிருந்து வந்தான். ஹளேபீட்டில் கேதனன், பல்லணன், ரேவோஜன். நுக்கேஹள்ளியில் 1246இல் கட்டிய நரசிம்மர் கோயிலில் இருவர் சுவரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்: நந்தியிலிருந்து வந்த பைசோஜன் ஒருவன், மற்றவன் நம் மல்லிதம்மன். அதே மல்லிதம்மனின் பெயர் சோமநாதபுரத்தில் ஏறத்தாழ 40 உருவங்களின் கீழ் இருக்கிறது. சில இடங்களில் முழுப்பெயர். சில இடங்களில் வெறுமனே ‘ம’. கூடவே மசணிதம்மன், சாமெயன், சௌடெயன், நஞ்செயன். பெயர்களின் இறுதியில் வரும் அந்த ‘ஓஜ’ உபாத்தியாயர் என்ற சொல்லின் தேய்வு. நாம் வாத்தியார் என்று தேய்த்துக்கொண்டது போலவே. தாசோஜன் என்றால் தாச வாத்தியார். கல்லுடைக்கும் வாத்தியார்! இத்தனை பேர் கையெழுத்திட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நாம் அவர்களைக் கரைந்துபோனவர்கள் என்கிறோம்.

கூலிக் கணக்குக்காக வெட்டிய அடையாளங்கள்தாம் இவை என்று சொல்பவர்கள் உண்டு. ஒற்றை ‘ம’வுக்கு அது பொருந்தலாம். ஆனால் பேளூர்க்காரர்கள் பெயரோடு நிற்கவில்லையே. ஊர்ப்பெயர், தகப்பன் பெயர், அதற்கு மேல் விருதுப்பெயர். பட்டம் சூடிய எதிரிச் சிற்பிகளை அடக்குபவன் என்ற பொருளில் எழுதிக்கொள்கிறார்கள். கூலி வாங்கப் போகிறவன் கணக்குப்பிள்ளையிடம் எதற்கு விருதுப்பெயர் சொல்ல வேண்டும்? அது அடுத்த தூணில் வேலை செய்துகொண்டிருந்தவன் படிக்க எழுதியது. எனக்கு அந்த வரிகள் மிகவும் பிடிக்கும். சாமி காரியம் என்று வந்துவிட்டால் மனிதனுக்குப் போட்டி இருக்காது, பொறாமை இருக்காது, தன் கையைப் பற்றிய பெருமை இருக்காது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அந்தப் பெருமை இல்லாதவன் கைவளையலின் உட்பக்கத்தைச் செதுக்கியிருப்பானா? யாருமே பார்க்காத இடம் அது.

தஞ்சையிலும் பெயர் இருக்கிறது. குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டில் வாசிக்கலாம். கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. ஆனால் அது அரசனின் ஏடு. கொடுத்ததையும் பெற்றவர்களையும் அரசன் எழுதச் சொன்னான். சோமநாதபுரத்தில் உளி பிடித்தவன் தான் செய்த உருவத்தின் காலடியில், தன் உளியாலேயே, தன் பெயரை வெட்டுகிறான். சோமநாதன் என்ற தண்டநாயகன், அதாவது படைத்தலைவன், பணம் போட்டுக் கட்டிய கோயில் அது. அந்தக் கொடையாளி இதை அனுமதித்திருக்கிறான். மலையிலிருந்து புதிதாக இறங்கிய அரசுக்குக் கைதேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், அவர்களுக்கோ ஊர் ஊராக அழைப்பு இருந்தது. அழைப்பு உள்ளவன் பெயர் போடலாம். நீங்கள் கேட்ட ‘எப்படி எழுந்தது’ என்பதன் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

நான் அச்சில் செய்த தவற்றைச் சொல்கிறேன். என் அம்மாவின் தகப்பனார் கல்தச்சர். அம்மி, ஆட்டுக்கல், உரல், திண்ணைத் தூண். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் முன்மண்டபத்தின் நான்கு தூண்களும் அவர் வேலை. பக்கவாட்டில் உபயதாரர் கல் ஒன்று பதித்திருப்பார்கள். அதன் எழுத்துகளையும் அவரே வெட்டினார். 101 ரூபாய் கொடுத்தவரில் தொடங்கி இரண்டு ரூபாய் கொடுத்தவர்வரை முப்பத்தொரு பெயர். பத்து வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “தாத்தா, உங்கள் பெயர் எங்கே?” என்று கேட்டேன். “நான்தான் கூலி வாங்கிவிட்டேனே” என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பதிலை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். தன்னை அழித்துக்கொண்ட கலைஞன், செயலில் கரைந்த அகங்காரம் என்றெல்லாம் எழுதினேன். பலர் பாராட்டினார்கள். நீங்களும் படித்திருக்கலாம், உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் அதன் சாயல் தெரிகிறது. பிறகு ஒரு மழைநாளில் சோமநாதபுரத்தில், சுவர் ஓரமாகக் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தபோது, கூட வந்த நண்பர் குனிந்து ஒவ்வொரு பீடமாகப் படித்தார். மல்லிதம்ம. மல்லிதம்ம. ம. மறுபடி மல்லிதம்ம. நான் நின்றுவிட்டேன். மல்லிதம்மனும் கூலி வாங்கியவன்தானே? தாத்தா சொன்னது பணிவு அல்ல. கூலி வாங்கியவனுக்குக் கல்லில் இடமில்லை என்ற ஊர் வழக்கத்தை ஒரு குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு பேரின் பெயரைத் தன் கையால் வெட்டியவர் அவர். எத்தனை நாள் பிடித்திருக்கும்? அந்த நாட்களில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்கு ஞானி வேடம் போட்டுவிட்டேன்.

ஆகவே, செ., ‘பெயருக்கு அலையாதவர்கள்’ என்ற அந்த வரியை இனி எங்கும் எழுதாதீர்கள். பெயர் கொடுக்கப்படாதவனைப் பெயர் வேண்டாதவன் என்று சொல்வது பெரும் அநியாயம். அது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அவர் அழுததில் ஒரு பிழையும் இல்லை. மகன் தந்தையின் சிலையில் குறை கண்டுபிடிக்கிறான், கல்லுக்குள் தேரை இருக்கிறது, தந்தை சொன்ன வாக்குப்படி தன் கையை வெட்டிக்கொள்கிறார். யாரும் அழுவார்கள். ஆனால் அந்தக் கோயில்களின் கையெழுத்துகளில் ஜக்கணாச்சாரி என்ற பெயர் இல்லை. அதே பேளூரில் உண்மையான ஒரு தந்தையும் உண்மையான ஒரு மகனும் அருகருகே வேலை செய்து, தனித்தனியே பெயர் போட்டிருக்கிறார்கள். மகன் ஒன்று கூடுதலாகவே செய்திருக்கிறான். தாசோஜன் அதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தால் எனக்கு அந்தக் கதையைவிட இது நெஞ்சை அதிகம் பிடிக்கிறது. வழிகாட்டி இதைச் சொல்லவில்லை என்றால் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாம் கேட்பதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

2023இல் இந்த மூன்று கோயில்களும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு கூட்டம் பெருகியிருக்கிறது. நல்லதுதான். நெரிசலில் யாரும் குனிய மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. அடுத்த முறை போகும்போது கன்னட எழுத்துகளில் ஒரு பத்தை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள், ‘ம’வும் ‘ல்லி’யும் கட்டாயம். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் ஓடி ஓடித் தேடிவிடுவார்கள். போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்துக்குப் பக்கத்துக் கண்ணனூருக்குப் போய்வாருங்கள். ஹொய்சள சோமேஸ்வரன் அங்கேதான் தங்கியிருந்து ஆண்டான். அவன் காலத்துச் சிவன் கோயிலான போசளீச்சுரம் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

உங்கள் நான்காவது படத்தில் ஒரு வேணுகோபாலர் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே படத்தை வெட்டிவிட்டீர்கள். முழுப்படம் கைப்பேசியில் இருந்தால் அனுப்புங்கள். பீடம் தெரிய வேண்டும்.