ஐ.சி.யூ.வில் சர்க்கரை சராசரி 155 என்றால் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தமா?

சராசரியை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு 150, 160, 155 என்று வருகிறது. இன்னொருவருக்கு 285, 45, 135. இருவருக்கும் சராசரி 155தான். ஆனால் 45-க்கு இறங்கிய நேரத்தில் இரண்டாமவரின் மூளைக்கே ஆபத்து. மயக்க மருந்தில் இருப்பவரால் படபடக்கிறது என்று சொல்லவும் முடியாது.

அதனால் இலக்கான 140–180க்குள் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு ஏறி இறங்கியது, 70-க்குக் கீழே போனதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் கடைசிக் கேள்வியைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்பேன். 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகள் இருந்தார்கள். சர்க்கரையை 81–108 என்று இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5%, 180 வரை விட்ட குழுவில் 24.9%. இன்சுலினைத் தாராளமாக ஏற்றுவதும் உயிருக்கு உலை வைக்கும்.

எதில் அளக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பிபி இறங்கி, கை வீங்கியிருக்கும்போது விரல் நுனி ரத்தத்தை நம்ப முடியாது. ரத்தசோகை இருந்தால் சில குளுக்கோமீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் போட்டிருக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் அதில் எடுத்த ரத்தத்தை ஏபிஜி மெஷினில் (ரத்த வாயுக்களை அளக்கும் கருவி) பார்ப்பதே நல்லது.