மீட்டர் பார்க்க ஆளே வருவதில்லை, பில் மட்டும் எப்படி வருகிறது?

பினாங்கில் கட்டடங்களுக்கு மீட்டர் மாட்டுவது, அதில் ஓடும் எண்ணைக் கணினி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதுதான் 18 வருடமாக என் பிழைப்பு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை போகிற வழியில் ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரோ என் தொழிலைச் சொல்லிவிட, மோர் வாங்க வந்தவர்கள் பில்லைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை. கேட்டவற்றையும் அப்புறம் வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா ஒருவர்: தம்பி, பழைய கரண்டு மீட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். அதிலிருந்து மாதா மாதம் வருகிற ஆளைக் காணோம். எங்கள் வீட்டு வைஃபையில்தான் பில் போகிறதா?

இல்லைக்கா, உங்கள் வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மீட்டருக்குள்ளேயே ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை மீட்டர் தன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும். அதைப் பக்கத்து வீட்டு மீட்டரிடம் கொடுக்கும், அது அடுத்ததிடம் கொடுக்கும். தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவோமே, அந்த மாதிரி. கடைசியில் ஒரு சேகரிப்புப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கைப்பேசி நெட்வொர்க் வழியாகத் தலைமைக் கணினிக்குப் போகும். இதை மெஷ் என்போம். சில மீட்டரில் சிம் கார்டே இருக்கும். மின்கம்பி வழியாகவே எண்ணை அனுப்புகிற முறையும் உண்டு. நமக்குக் கரண்டு கொடுக்கும் தெனாகா நிறுவனம் இந்த மீட்டர்களை முதலில் பெரிய அளவில் மாட்டியது மலாக்காவில். கிள்ளான் பள்ளத்தாக்கெல்லாம் அப்புறம்தான்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டர் அனுப்புவது ரிங்கிட் கணக்கை அல்ல, தன் முகத்தில் ஓடும் எண்ணை. ரிங்கிட் கணக்குப் போடுவது கணினி. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

ஜெலுத்தோங்: புது மீட்டர் வந்த பிறகு பில் ஏறிவிட்டது. மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். உள்ளே தட்டு சுற்றும் பழைய மீட்டர் வயதானால் உராய்வில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், உண்மைதான். ஆனால் மீட்டரைத் திட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். பில் எத்தனை நாளுக்குப் போட்டது? பில்லில் உள்ள எண்ணும் மீட்டரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா? 2025 ஜூலை 1 முதல் கட்டண முறையே மாறியதே, அதற்கு முந்தைய பில்லோடு ஒப்பிடுகிறீர்களா?

மூன்றும் சரியாக இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எதையும் திறக்க வேண்டாம். மீட்டர் முகத்தில் ஒரு சிவப்பு எல்இடி மினுக்கும். பக்கத்தில் 1 யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும், 1000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் இருக்கும் சின்ன பிரேக்கர் எல்லாவற்றையும் இறக்குங்கள். எல்இடி மினுக்கக் கூடாது. இப்போது குளியலறை ஹீட்டரின் பிரேக்கரை மட்டும் ஏற்றி, ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் என்றால் மணிக்கு 3600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 பக்கத்தில் வந்தால் மீட்டர் யோக்கியம். 55, 57 வந்தால் பதற வேண்டாம், வீட்டுக்கு வரும் வோல்ட்டேஜ் குறைந்தால் ஹீட்டரும் குறைவாகத்தான் இழுக்கும். 80 வந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். எல்லாம் இறக்கிய பிறகும் மினுக்கினால் உங்கள் லைனில் வேறு யாரோ இருக்கக்கூடும். அப்படி ஒரு வீட்டில் நானே பார்த்திருக்கிறேன், பின்பக்கத்துக் கடையின் ஐஸ் பெட்டி!

ஆள் வந்து பார்த்த காலமும் அப்படியொன்றும் பொற்காலம் இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மீட்டர் பார்க்க ஆள் வர முடியாமல் மதிப்பீட்டு பில்தான் வந்தது. பிறகு உண்மையான எண்ணைப் பார்த்து மொத்தமாகப் போட்டபோது ஊரே அலறியது ஞாபகம் இருக்கும்.

புக்கிட் மெர்தாஜாம்: ரேடியோ என்கிறீர்கள். குழந்தை தூங்கும் அறைச் சுவருக்கு வெளியேதான் மீட்டர் இருக்கிறது. ஆபத்தா?

அது நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்காது, விட்டு விட்டு நொடிக் கணக்கில்தான் பேசும். நடுவில் சுவரும் இருக்கிறது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிற கைப்பேசியை முதலில் எடுங்கள்.

பாயான் பாரு: மின்வெட்டு வந்தால், நெட்வொர்க் போனால் என் கணக்கு அழிந்துவிடுமா?

அழியாது. எண் மீட்டரின் நினைவகத்தில் இருக்கிறது, அதற்குக் கரண்டு தேவையில்லை. நெட்வொர்க் இரண்டு நாள் படுத்துக் கிடந்தாலும் எழுந்ததும் விட்டுப்போன அரை மணிக் கணக்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். செயலியில் நடுவில் இரண்டு நாள் காலியாகத் தெரிந்தால் உடனே போன் போடாதீர்கள், பெரும்பாலும் தானாக நிரம்பும்.

செபராங் ஜெயா: நேரத்துக்கு ஒரு விலை என்று ஒரு திட்டம் இருக்கிறதாமே, மாறலாமா?

மாறலாம், கணக்கைப் பார்த்துவிட்டு. 2025 ஜூலை கட்டணத்தில், மாதம் 1500 யூனிட் வரை எரிக்கும் வீட்டுக்குச் சாதாரண எரிசக்தி விலை யூனிட்டுக்கு 27.03 சென். நேர விலைத் திட்டத்தில் வேலை நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென், மற்ற நேரமும் வார இறுதி முழுக்கவும் 24.43 சென். உங்கள் பயன்பாட்டில் சுமார் 64 விழுக்காட்டுக்கு மேல் அந்த மதியம் இரண்டிலிருந்து பத்துக்குள் விழுந்தால்தான் நஷ்டம். வாரத்தில் 168 மணி நேரம், அதில் உச்ச நேரம் 40 மணிதான். பகலில் ஆளில்லாத வீட்டுக்குப் பொதுவாக லாபம். ஆனால் லாபம் எவ்வளவு? மாதம் 500 யூனிட், அதில் 35 விழுக்காடு உச்ச நேரத்தில் என்றால் மிச்சம் 6 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், கையில் சில்லறை. இதற்காக இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து துணி துவைக்காதீர்கள்.

கெலுகோர், கண்டோ (அடுக்குமாடி) வீட்டுக்காரர்: ஒரு மாதம் ஈப்போவில் இருந்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. நிர்வாகம் கொடுத்த தண்ணீர் பில்லில் 38 கனமீட்டர்! கம்ப்யூட்டர் படிக்கிறது, தப்பே வராது என்கிறார்கள்.

கம்ப்யூட்டர் தப்பாகப் படிக்காது. ஆனால் யார் மீட்டர் யாருடையது என்று எழுதிக் கொடுத்தது மனுஷன்தானே?

கண்டோவில் தண்ணீர் மீட்டர் பெரும்பாலும் ஒரு துடிப்பு மீட்டர். உதாரணமாக 10 லிட்டர் ஓடினால் ஒரு துடிப்பு. ஒரு பெட்டி அதை எண்ணி அனுப்பும். ஒயர் அறுந்தால் கணினி எண் மீட்டர் முகத்தைவிடக் குறையும், ஒயர் இணைப்பு தளர்ந்து ஆடினால் கூடும். இது ஒரு வகை. இன்னொரு வகை, உங்களுக்கு நேர்ந்திருக்கும் என்று நான் சந்தேகிப்பது, வீட்டு எண் மாறிப்போவது.

சில வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு புகாருக்கு ஒரு கட்டடத்துக்குப் போனேன். பன்னிரண்டாம் மாடி மீட்டர் அறை, டார்ச் வெளிச்சம், ஒரு குழாயில் பல்லி முட்டை. புகார் சொன்ன தம்பி தனியாள். கணினிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்த மீட்டரைத் தேடிப் பிடித்து வால்வை மூடினேன். அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஜோராக வருகிறது. எதிர் வீட்டுக் கதவு திறந்து, தலையெல்லாம் சீயக்காய் நுரையோடு ஓர் ஆச்சி எட்டிப் பார்த்து, "எவண்டா அவன் தண்ணிய நிறுத்தினவன்?" என்றார். ஏழு பேர் இருக்கிற அந்த வீட்டுத் தண்ணீருக்கு இந்தத் தம்பி பதினான்கு மாதம் காசு கட்டியிருந்தார்.

நீங்களும் அதையே செய்யுங்கள், ஆச்சியிடம் முதலில் சொல்லிவிட்டு. நிர்வாக ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் எந்த மீட்டர் சுற்றுகிறது என்று பார்த்து, அதன் வரிசை எண்ணைப் படம் பிடித்து, அவர்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

பட்டர்வொர்த், போலிடெக்னிக் மாணவர்: அண்ணே, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள எதில் ஆரம்பிக்கலாம்?

மோட்பஸ் என்ற மொழியில் கணினியோடு பேசும் சின்ன மின்மீட்டர், அதன் ஆர்எஸ்-485 ஒயரை யுஎஸ்பியில் செருக ஒரு மாற்றி, இரண்டும் வாங்கு தம்பி. 230 வோல்ட் பக்கம் மட்டும் சான்றிதழ் உள்ள வயர்மேனை வைத்து இணை, அதில் வீரம் வேண்டாம். முதல் நாள் வோல்ட்டேஜைக் கேட்டால் பூஜ்யம் மாதிரி ஏதோ வரும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. 230 என்பது கணினியின் பதினாறடிமான (ஹெக்ஸ்) எழுத்தில் 4366, 0000 என்று இரண்டு துண்டாக வரும், நீ அதைத் தலைகீழாக ஒட்டியிருப்பாய்.

அப்புறம் ஒயர். மேல் மாடி மீட்டர்கள் நாளுக்கு நாள் ஊமையாகும் ஒரு கட்டடத்தில் மீட்டர் எண்களைச் சேர்த்து அனுப்பும் கேட்வே பெட்டியைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணடித்தேன். மூன்றாம் நாள் ஒரு மீட்டரின் மூடியைத் திறந்தால் பழுப்பு, சிவப்பு, பழுப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர், 120 ஓம். அடுத்ததைத் திறந்தேன், அதிலும் இருக்கிறது. அது மீட்டர்களைக் கோக்கும் ஒயரின் இரண்டு முனையில் மட்டும் இருக்க வேண்டியது. ஒரு சிட்டிகை உப்பு என்று எழுதியிருந்ததை ஒவ்வொரு காய்க்கும் ஒரு சிட்டிகை என்று போட்டிருக்கிறார்கள். கட்டரை எடுத்து, இரண்டு முனையை விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக நறுக்கினேன், சாயங்காலத்துக்குள் எல்லா மீட்டரும் பேச ஆரம்பித்தன.

பெயர், ஊர் சொல்லாத ஒருவர்: பெரிய காந்தத்தை ஒட்டினால் மீட்டர் நிற்குமாமே?

புது மீட்டர்கள் பலவற்றில் காந்தத்தை உணரும் சில்லு இருக்கிறது. நீங்கள் ஒட்டிவிட்டு ஸ்டூலில் இருந்து இறங்குவதற்குள் தேதி, மணி, நிமிடத்தோடு அது எழுதி வைத்துவிடும். அந்தக் குறிப்பும் அதே ரேடியோவில்தான் போகும். 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தில் இது குற்றம். காந்தத்தைக் கழற்றி ஐஸ் பெட்டியில் கல்யாணப் பத்திரிகை ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள்.