எங்கள் ஊரில் 'வாடா' எப்போது 'வாங்க' ஆனது?

"சமூகம் மாறினால் மொழி மாறுமா, மொழியை மாற்றினால் சமூகம் மாறுமா? உங்கள் ஊரில் கண்டதை வைத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்துக்காரி. தாத்தாவும் பாட்டியும் பண்ணையாட்களாக இருந்தவர்கள். நான் பக்கத்து ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் பக்கம் நடந்ததைப் பார்த்தால், புதிய சொல் முன்னால் வந்துவிடுகிறது. ஆனால் அதைச் சொல்கிறவருக்குக் குடியிருக்கச் சொந்த மனை இல்லாதவரை அந்தச் சொல் கூட்டத்தை விட்டுத் தெருவுக்கு வருவதில்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

தமிழில் ஒரு ஆளைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே அவரை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வந்தான் என்பதா, வந்தார் என்பதா? வினைமுற்று நம்மை விடாது. அதற்காக, தமிழே மேல் கீழ் பார்க்கும் மொழி என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புறநானூற்றில் புலவர்கள் அரசனையே நீ என்று பாடுகிறார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண வழிப்பட்டது அல்ல என்று தொல்காப்பியம் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அப்படியென்றால் மரியாதைப் பன்மை மக்களின் பழக்கத்திலிருந்து மொழிக்குள் ஏறியது என்றுதானே ஆகிறது? இன்றும் சாமியை நீ என்கிறோம், அம்மாவை நீ என்கிறோம், யாருக்கும் குறை இல்லை. ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளை வைத்து எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நீ என்றால் அது நெருக்கம். ஒருவர் நீ என்று சொல்ல, மற்றவர் நீங்கள் என்றே பதில் சொல்ல வேண்டியிருந்தால் அது அதிகாரம்.

எங்கள் பண்ணைகளில் இருந்தது இரண்டாவது வகை. மிராசுதார் வீட்டுப் பையன், பால்பல்கூட விழாதவன், என் தாத்தாவை "டேய் காத்தா, வண்டியைப் பூட்டுடா" என்பானாம். தலை நரைத்த தாத்தா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "இதோ வந்துட்டேன் சின்ன ஆண்டே" என்று ஓடுவாராம். "பேரச் சொல்லிக் கூப்புட்டாலே அன்னிக்கு நல்ல நாளுடி. பாதி நாளு வெறும் ஏய்தான்" என்று பாட்டி சொல்வார். அந்தப் பையன் கெட்டவன் என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. அவன் வீட்டில் கற்றுக்கொண்ட தமிழில் என் தாத்தாவுக்கு வேறு விகுதியே கிடையாது. எதிர்த்துப் பேசினால் அதுவே குற்றம். சவுக்கடி உண்டு, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் உண்டு.

இதை உடைக்க வந்த சொல் 'தோழர்'. 1932இல் சோவியத் பயணம் முடித்து வந்த பெரியார், ஸ்ரீ முதலான அடைமொழிகளை விட்டுவிட்டு இனி ஒருவரை ஒருவர் தோழர் என்றே அழைக்க வேண்டும் என்று எழுதினார். 1943இல் விவசாயிகள் சங்கம் கட்ட பி. சீனிவாசராவ் கீழத் தஞ்சைக்கு வந்தார். கன்னடப் பகுதியில் பிறந்தவர், தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. மன்னார்குடி பக்கம் தென்பரையில் சங்கம் கிளம்பியது. சேரியில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, கூலிக்காரர்களைத் தோழர் என்று அழைத்த முதல் வெளியாட்கள் சங்கத்துக்காரர்கள்தான். அந்தச் சொல்லில் ஒரு வசதி உண்டு. 'தோழர்' என்று வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால் 'வந்தார்' என்றுதான் முடிக்க முடியும், 'வந்தான்' என்று முடிக்க நாக்கு வராது. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே விகுதி. தாத்தாவைப் பற்றி ஒருவர் முதன்முதலாக 'வந்தார்' என்று பேசியது சங்கக் கூட்டத்தில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆனால் இரவு கூட்டத்தில் தோழர், மறுநாள் காலை களத்தில் பழையபடி டேய். சாணிப்பாலும் சவுக்கடியும் 1940களின் போராட்டங்களில் ஒழிந்தன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படியும் பேச்சு பெரிதாக அசையவில்லை. காரணம் ரொம்ப எளிது. குடிசை நின்ற மனை பண்ணைக்குச் சொந்தம். வாங்க என்று சொல்லவில்லையே என்று ஒருத்தர் முகம் சுளித்தால், அன்று சாயங்காலமே காரியஸ்தர் வந்து குடிசையைப் பிரி என்று சொல்லிவிடலாம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த நெருப்புக்குப் பிறகுதான் அரசாங்கம் வேகமாக அசைந்தது. 1969இல் கூலிச் சட்டம், 1971இல் குடியிருக்கும் மனையை அதில் இருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம்.

என் அப்பா அந்த வருஷங்களை இப்படிச் சொல்வார்: "பட்டா கைக்கு வந்தப்புறம்தான் அவங்க தெருவுல செருப்போட நடந்தோம். அப்புறம் ஆண்டே போயி ஐயா ஆச்சு. இப்ப உங்க காலத்துல சாரு." மேலத்தெரு பக்கமிருந்து 'வாங்க' வருவதற்கு இன்னும் கொஞ்சம் காலம் ஆனது. பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய், நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்காமல் போனபோது 'டேய்' 'என்னப்பா' ஆகி, 'என்னப்பா' மெல்ல 'வாங்க' ஆனது. மனையும் கூலியும் ஓட்டும் சேர்ந்து தள்ளியதில் விகுதி நகர்ந்தது. நல்ல மனசால் மட்டும் நகர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கொடுப்பார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். வெயிலில் கால் கடுக்கும் வேலைதான், ஆனாலும் அந்தப் பட்டியலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே குடும்பத்தை வயது வாரியாகப் படித்துப் பாருங்கள். எண்பது வயதில் அஞ்சலை, கணவர் பெயர் பக்கிரி. அறுபதுகளில் கலியபெருமாள், ராஜேந்திரன். நாற்பதுகளில் தமிழரசன், கலைச்செல்வி, அதே வீட்டில் ஒரு லெனின். பதினெட்டு முடிந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் ஹரிஷ், தர்ஷினி. பண்ணைக் காலத்தில் கீழத்தெருப் பிள்ளைக்கு ராமசாமி என்று பெயர் வைத்தாலும் மேலத்தெருவில் அது ராமன் ஆகிவிடும். கூலிக்காரனைப் போய் சாமி என்று கூப்பிடுவதா என்று வெட்டிவிடுவார்கள். தமிழரசன் என்ற பெயரை அப்படி வெட்ட இடமில்லை. ஹரிஷ் என்ற பெயரை வைத்து அவன் எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ்ப் பெயர்கள் குறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் தெருவைக் காட்டிக்கொடுக்காத பெயராகப் பார்த்துத் தேடும் தாயிடம் போய் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

சமூகம் இலக்கணத்தையே எப்படி வளைக்கும் என்பதற்கு எங்கள் பேச்சில் அருமையான சான்று ஒன்று இருக்கிறது: 'வந்தாப்ல, சொன்னாப்ல'. தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கமெல்லாம் சாதாரணமாகக் கேட்கலாம். வந்தான் என்றால் தாழ்த்துவதாகும், வந்தாரு என்றால் ரொம்பத் தூக்குவதாகும். சம வயதுக்காரர், பழக்கமானவர், ஆனால் 'டா' போடும் அளவுக்கு இல்லை. அவருக்கு எந்தப் படியும் பொருந்தவில்லை என்றதும் மக்களே நடுவில் ஒரு படி கட்டிக்கொண்டார்கள். எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பெல்லாம் 'அவன்' என்று மட்டும் பேசப்பட்ட ஆட்கள் டிராக்டர் வைத்திருப்பவராக, கூட்டுறவுச் சங்கத்தில் ஓட்டுப் போடுபவராக வந்து உட்கார்ந்தபோது இந்த நடுப்படி ரொம்ப உபயோகப்பட்டது என்பது என் எண்ணம். கவனித்தீர்களா, 'ஆப்ல' ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கு அந்த இடத்தில் அஃறிணையைத்தான் கொடுத்திருக்கிறோம்: "அந்தப் பொண்ணு வந்துச்சு." வந்தாள் என்பதைவிட இது அன்பாகவும் மரியாதையாகவும் ஒலிக்கிறது என்பது உண்மை. ஆனால் பெண்ணுக்கு என்று ஒரு நடுப்படி கட்ட நாம் இன்னும் மெனக்கெடவில்லை. பெண்கள் பெயரில் பட்டா கிடைத்த வீடுகள் எத்தனை என்று பார்த்தால் இதற்கும் காரணம் புரியலாம்.

இனி, சொல்லை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் ஊரின் பகுதிகளுக்கே சேரி என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. அதே சேரி பின்னால் ஒரு தரப்பார் குடியிருப்புக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு வசையாகவே ஆகிவிட்டது. சென்னை மாகாண அரசு 1922இல் பழைய சாதிப் பெயர்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத உத்தரவிட்டது. பிறகு அரசு கட்டிக்கொடுத்த வீடுகளால் சேரி போய் காலனி வந்தது. காலனியும் அதே தொனியைப் பிடித்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். பள்ளிச் சான்றிதழில் முகவரி எழுதும்போது பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எங்கள் ஊரில் 'நகர்' என்று புதுப் பலகை வைத்த பிறகும் "நகர் ஆளுவோ" என்று குரலை இறக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் இன்னும் சேறுதான். பேருந்து நிற்பதும் ரேஷன் கடையும் மேலத்தெருப் பக்கம்தான். இவை நகராமல் பெயர் மட்டும் நகர்ந்தால், இன்னொரு பெயர் தேட வேண்டி வரும்.

கடைசியாக, இப்போது என் கண் முன்னால் நடக்கும் ஒன்று. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, மோட்டார் கொட்டகையில் தங்கி, அதிகாலையில் வயலில் இறங்குகிறார்கள். அவர்களிடம் "டேய், இங்க வாடா" என்று பேசுகிறவர்களில் எங்கள் தெருப் பிள்ளைகளும் உண்டு. காத்தானின் பேரப்பிள்ளைகள் வாயிலிருந்து இது வருவதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. போன சம்பாவில் டீக்கடையில் ஒரு வங்காளப் பையன் பெரியவர் ஒருவரிடம் "டேய், ரெண்டு டீ குடுடா" என்று மிகப் பணிவாகக் கேட்டான். அவன் காதில் விழுந்த தமிழ் அதுதான், அதையே மரியாதை என்று நினைத்திருக்கிறான். பெரியவர் கையை ஓங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற நடவாள் அம்மா ஒருவர் தடுத்து, "அண்ணேன்னு சொல்லணும் தம்பி, குடுங்கன்னு சொல்லணும்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அவர்களுக்கு இங்கே மனை இல்லை, ஓட்டு இல்லை, சங்கமும் இல்லை. நான் மேலே சொன்ன கணக்குப்படி அவர்களுக்கு 'வாங்க' சீக்கிரம் கிடைக்காது. என்னால் முடிந்தது என் வகுப்பு மட்டும்தான். வேலைக்கு வந்திருக்கும் அண்ணன்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், அந்தப் பெயரோடு அண்ணன் சேர்த்துக் கூப்பிடுங்கள் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் நாலைந்து பிள்ளைகள் நோட்டின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் பெயர்களை எழுதி வந்து காட்டினார்கள்.