பச்சை விளக்கும் பேசிக்கொண்டிருக்கும் அம்மாவும்

கேள்வி: ஐயா, டர்பன் துறைமுகத்திற்கு அருகே சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வரவேற்பு மேசையில் பணிபுரிகிறேன். பழைய தொலைபேசியில் எந்த லைனில் பேச்சு நடக்கிறது, எது ஹோல்டில் இருக்கிறது என்பதை விளக்கைப் பார்த்தே சொல்லிவிடுவேன். புதிய இணையவழித் தொலைபேசியில் லைன்களுக்குப் பதிலாக எக்ஸ்டென்ஷன்களின், அதாவது அலுவலகத்தின் உள் இணைப்புகளின், பெயர்களே உள்ளன. லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் வந்த பிறகு, ஆளில்லாத அறையில் பேச்சு நடப்பதாகச் சிவப்பு எரிகிறது. கணக்குப் பிரிவு அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சை காட்டுகிறது. கருவி பழுதா?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் மேசைக் கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பழைய முறையில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் தடித்த கம்பிக் கட்டு ஒன்று வரும். லைன் பயன்பாட்டில் இருந்தால் அதற்குரிய கம்பியில் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். புதிய கருவியில் எரிவதோ, அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் மையக் கருவியான பி.பி.எக்ஸ். அனுப்பிய கடைசிச் செய்தி. 'பி.எல்.எஃப்.' எனப்படும் இந்த விளக்குப் பட்டன் ஒவ்வொன்றுக்காகவும் உங்கள் தொலைபேசி, "இந்த எக்ஸ்டென்ஷனில் மாற்றம் ஏற்பட்டால் எனக்குச் சொல்" என்று பி.பி.எக்ஸிடம் முன்பதிவு செய்து வைக்கிறது. இதற்கான 2005ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 4235 என்னும் விதிமுறை, வேறு காலம் குறிப்பிடப்படாவிட்டால் அந்தப் பதிவு 1 மணி நேரம் செல்லும் என்கிறது.

மின்தடையில் பி.பி.எக்ஸ். அணைந்து, உங்கள் தொலைபேசி மட்டும் இன்வெர்ட்டரில் ஓடியிருந்தால், நீங்கள் எழுதியிருப்பதே நடக்கும். மீண்டும் எழுந்த பி.பி.எக்ஸ். பதிவுகளை மறந்திருக்கும், தொலைபேசியோ பதிவு உயிரோடிருப்பதாக நம்பிப் பழைய நிறத்தையே காட்டிக்கொண்டிருக்கும். தடைக்கு முன் பேசிக்கொண்டிருந்தவருக்குச் சிவப்பு அப்படியே நிற்கும், அதன்பின் பேசத் தொடங்கியவருக்குப் பச்சை மாறாது. பதிவு புதுப்பிக்கப்படும்போது நிறங்கள் தாமாகவே சரியாகும். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் தொலைபேசியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

நிலையான தீர்வு, பி.பி.எக்ஸையும், தொலைபேசிகளை அதோடு இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் யு.பி.எஸ்ஸில் இணைப்பதே. சிலர் பதிவுக் காலத்தை 5 நிமிடமாகக் குறைக்கச் சொல்வார்கள். 10 தொலைபேசிகளில் 20 பட்டன்கள் வீதம் இருந்தால் அது மணிக்கு 2,400 புதுப்பிப்புகளாகும் என்பதால், எடுத்த எடுப்பில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

யு.பி.எஸ். வைத்த பிறகும் கணக்குப் பிரிவுக்குப் பச்சையே காட்டினால், அந்த அம்மா கைபேசியில் பேசுகிறாரா என்று பாருங்கள். பி.பி.எக்ஸ். வழியே செல்லாத அழைப்பை அது அறியாது. 'தொந்தரவு செய்யாதே' என்று அவர் வைத்திருப்பதும் பேச்சாகாது என்பதால், தனியாக ஏற்பாடு செய்யாத வரை பல அமைப்புகளில் விளக்கு மாறுவதில்லை.

பழையபடி லைன்களையே பார்க்க விரும்பினால், பொருத்தியவரிடம் 'ஷேர்டு லைன்' வசதி உண்டா என்று கேளுங்கள். ஒருவர் ஹோல்டில் வைத்த அழைப்பை மற்றவர் தம் மேசையிலிருந்தே எடுக்க அது உதவும். 3, 4 லைன்கள் மட்டுமே உள்ள அலுவலகத்திற்கு, என் கருத்தில், எக்ஸ்டென்ஷன் விளக்குகளைவிட அதுவே ஏற்றது.