காக்கையையும் எண்ணுங்கள்

கேள்வி: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கள் நகராட்சிப் பூங்காவிலிருந்து கலந்துகொள்ள ஆசை. ஆனால் அங்கே இருப்பதெல்லாம் காக்கை, மைனா, புறாதான். இவற்றை எண்ணி யாருக்கு என்ன பயன்?
– வாசகி, கரூர்

பதில்: அந்தக் காக்கைதான் முக்கியம். 2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும் இந்தக் கணக்கெடுப்பின் பட்டியல்கள் 'இபேர்டு' (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில், அதன் செயலி வழியாகச் சேர்கின்றன. ஓர் ஊரிலிருந்து வந்த நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஆண்டு பார்த்தால், அது கூடுகிறதா குறைகிறதா என்பது பிடிபடும். தினம் பார்ப்பதுதானே என்று காக்கையை விட்டுவிட்டால், உங்கள் பூங்காவில் காக்கையே இல்லை என்றுதான் கணக்கில் ஏறும். அதனால்தான் அனுப்பும் முன், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று செயலி கேட்கிறது. 'ஆம்' என்று சொல்ல முடிகிற பட்டியலே ஆய்வுக்கு அதிகம் உதவும்.

குறைந்தது 15 நிமிடம் எண்ண வேண்டும். விடிந்த முதல் இரண்டு மணி நேரம் நல்லது. வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். தொடங்கிய நேரம், எடுத்த நிமிடங்கள், நடந்த தூரம் மூன்றையும் குறியுங்கள். ஒரே இடத்தில் நின்று எண்ணினால், 30 மீட்டருக்குள் நகர்ந்தாலும் அது 'நின்ற இடத்துக் கணக்கு'தான். போன வழியிலேயே திரும்பினால் ஒருவழித் தூரத்தை மட்டும் போடுங்கள். பலர் இதில்தான் தவறுகிறார்கள். குரலை மட்டும் கேட்ட பறவையும் கணக்கில் உண்டு. தை மாதத்தில் தகைவிலான், மாங்குயில் போன்ற வலசைப் பறவைகளும் இருக்கும். எனவே மரத்தின் உச்சியையும் வானத்தையும் அவ்வப்போது பாருங்கள்.

கேள்வி: மைனாக்கள் இங்கும் அங்கும் பறந்துகொண்டே இருக்கின்றன. எண்ணியதையே மறுபடி எண்ணிவிட்டால்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்படிச் சுற்றுபவற்றைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். முதலில் 6, பிறகு 9, பிறகு 4 என்றால் 9. மாலையில் கிளிகள் ஒரே திசையில் கூட்டம் கூட்டமாகக் கடந்து போனால் மட்டும் ஒவ்வொரு கூட்டத்தையும் கூட்டலாம். பெரிய கூட்டமா? பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்த இடத்தைக் கண்ணால் அளந்து, அதுபோல் எத்தனை இடம் இருக்கிறது என்று பெருக்குங்கள். எண்ணிக்கைக்குப் பதிலாக 'எக்ஸ்' போடவும் செயலி விடும். அது பறவை இருந்ததை மட்டும் சொல்லும், எத்தனை என்று சொல்லாது. தோராயமான எண் அதைவிட மேல்.

கேள்வி: பெயர் தெரியாத பறவையை என்ன செய்வது? குழுவில் எட்டுப் பேர் போனால் எட்டுப் பட்டியலா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியுள்ள பழுப்புப் பறவையைப் புதிய இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெண் குயில். குரலை வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் செயலிகள் சொல்லும் பெயரும் யோசனைதான். நீங்களே கேட்டு உறுதிசெய்த பிறகு சேருங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிக்கவிடுவது கூடவே கூடாது.

சேர்ந்து நடந்தால் ஒரே பட்டியல் போதும். ஒருவர் எழுதி மற்ற ஏழு பேருக்கும் செயலியிலேயே பகிரலாம். எட்டுப் பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு பக்கம் அனுப்பினால் இன்னும் நல்லது. பேச்சுச் சத்தமும் குறையும். அப்போது பட்டியல் இரண்டு.