மாம்பழத் தோல் முதல் மாதுளைத் தோல் வரை: முட்டைக்கோழித் தீவனம் பற்றிய கேள்வி-பதில்

மாங்கூழ் ஆலைகள் ஓடத் தொடங்கும் வைகாசி மாதத்தில், பழக்கழிவை முட்டைக்கோழித் தீவனத்தில் சேர்க்கலாமா என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு வரத் தொடங்கும். மக்காச்சோள விலையும் சேர்ந்து ஏறிவிட்டால் கடிதக்கட்டு இரண்டு மடங்காகும். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கி விடையளித்திருக்கிறேன். கீழே நான் சொல்லும் கலப்பளவு அனைத்தும் உலர்ந்த தூளின் எடை என்று கொள்ளவும்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): எங்கள் ஊர் மாங்கூழ் ஆலையில் தோலை இலவசமாகவே அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஈரத்தோடு அப்படியே கோழிகளுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். ஈரத்தோலில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு டன் அள்ளி வந்து காய வைத்தால் 220 கிலோ அளவில்தான் கையில் நிற்கும். ஆகவே இலவசம் என்பது வண்டி வாடகையையும் காய வைக்கும் கூலியையும் சேர்க்காத கணக்கு. சர்க்கரை மிகுந்த பொருளாதலால் காலையில் கொட்டிய குவியல் மாலைக்குள் சூடேறிவிடும், மறுநாள் கள் வாடை அடிக்கும். ஆலையிலிருந்து வந்த அன்றே சிமெண்ட் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டுக் காய வையுங்கள். காய்ந்த தோலை மடித்தால் வளையக்கூடாது, அப்பளம் போல ஒடிய வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்காமல் மூட்டை கட்டாதீர்கள்.

கேள்வி (ஊர் குறிப்பிடப்படவில்லை): கோழிக்குப் பழக்கழிவு எவ்வளவு கொடுக்கலாம்? உடனே பதில் தேவை.

பதில்: எந்தப் பழம், அதன் எந்தப் பகுதி, ஈரமா உலர்ந்ததா, கோழிக்கு எத்தனை வார வயது, இப்போது எந்தத் தீவனம் என்று ஐந்தும் எழுதினால் உடனே பதில் தருவேன்.

கேள்வி (மோகனூர்): 62 வார வயதுள்ள 8,000 கோழிகளுக்கு, 100 கிலோ தீவனத்துக்கு 10 கிலோ வீதம் மாம்பழத் தோல் தூளைக் கலந்து கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் முட்டை ஓடு மெலிந்து, கீறல் முட்டைகள் அதிகமாகிவிட்டன. தோலில் ஓட்டைக் கெடுக்கும் நச்சு ஏதும் உண்டா?

பதில்: குற்றம் தோலில் இல்லை, நீங்கள் கலந்த முறையில் இருக்கிறது. இதைப் பல ஆண்டுகளாக எழுதிச் சலித்துவிட்டேன் என்றாலும் மீண்டும் ஒருமுறை கணக்காகவே எழுதிக் காட்டுகிறேன். உங்கள் தீவனத்தில் புரதம் 17 சதவீதமும் கால்சியம் 3.8 சதவீதமும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தின்றால் அதற்குப் புரதம் 18.7 கிராமும் கால்சியம் 4.2 கிராமும் கிடைக்கின்றன. இப்போது சமன் செய்து முடித்த அந்த 100 கிலோவின் மேல் 10 கிலோ தோல் தூளைக் கொட்டுகிறீர்கள். தோலில் புரதம் 4 சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. கால்சியமோ ஓட்டுக்கு உதவும் அளவில் இல்லவே இல்லை. கலவை 110 கிலோ ஆகிறது, புரதம் 15.8 ஆகவும் கால்சியம் 3.45 ஆகவும் இறங்குகின்றன. கோடை வெயிலில் கோழி அந்தக் கூடுதல் எடைக்காகக் கூடுதலாகத் தின்னப்போவதில்லை. அதே 110 கிராமில் இனி அதற்குக் கிடைக்கும் கால்சியம் 3.8 கிராம்தான். தின்ற கால்சியத்தில் பாதியளவே உடலில் சேரும். ஒரு முட்டை ஓட்டுக்கோ சுமார் 2 கிராம் வேண்டும். 62 வாரக் கோழியின் முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், கால்சியத்தை உறிஞ்சும் திறன் குறைந்துகொண்டே வரும். அந்த வயதில் நாளுக்கு 0.4 கிராமைப் பறித்தால் ஓடு மெலியாமல் என்ன செய்யும்?

முடிந்த தீவனத்தின் மேல் தூவுவது வேறு, கலவைச் சூத்திரத்துக்குள் ஒரு மூலப்பொருளாக வைப்பது வேறு. தோல் தூளைச் சேர்க்க விரும்பினால், எண்ணெய் நீக்கிய அரிசித் தவிட்டையோ மக்காச்சோளத்தில் ஒரு சிறு பங்கையோ குறைத்து அந்த இடத்தில் வையுங்கள்; குறைந்த புரதத்தைச் சோயாப் புண்ணாக்கால் ஈடு செய்து, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் அளவைச் சரிபார்த்து, கால்சியம் தரும் கிளிஞ்சலை மீண்டும் கணக்கிடுங்கள். 2 சதவீதத்தில் தொடங்கி 5 சதவீதத்தில் நின்றுவிடுங்கள். முதலில் ஒரே ஒரு வரிசைக் கூண்டுக்கு மட்டும் கொடுத்து, பக்கத்து வரிசையைப் பழைய தீவனத்திலேயே விட்டு, மூன்று வாரம் இரண்டின் முட்டையையும் தனித்தனியே எண்ணி எழுதுங்கள். 8,000 கோழிகளையும் ஒரே நாளில் சோதனைக்கு உட்படுத்துவது துணிச்சல் அல்ல, அலட்சியம். இப்போதைக்குத் தோல் தூளை நிறுத்திவிட்டு, மாலைத் தீவனத்தில் குருணையாக உடைத்த கிளிஞ்சலைச் சேர்த்துக் கொடுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில்தான்.

கேள்வி (ராசிபுரம்): மக்காச்சோளத்தைக் குறைத்துக் கம்பும் குருணை அரிசியும் சேர்த்ததில் மஞ்சள் கரு வெளுத்துவிட்டது. மாம்பழத் தோல், பப்பாளித் தோல் இவற்றால் நிறம் கூடுமா?

பதில்: நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடாது. மாம்பழத்தின் மஞ்சள் பெரும்பாலும் பீட்டா கரோட்டின் என்ற நிறமி. கோழி அதன் ஒரு பகுதியை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, கருவில் சேர்ப்பது மிகச் சொற்பம். கருவுக்கு நிறம் தருபவை லூட்டின், சியாசாந்தின் போன்ற சாந்தோபில் நிறமிகள். அவை மக்காச்சோளத்திலும் செண்டுமல்லிப் பூவிதழ்த் தூளிலும் உள்ளன. எதை மாற்றினாலும் பலன் கருவில் தெரியப் பத்து நாளாவது ஆகும். மூன்றாம் நாளே முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி (தாண்டிக்குடி): பட்டர் ஃப்ரூட் கொட்டையும் தோலும் நிறையக் கிடைக்கின்றன. அரைத்துச் சேர்க்கலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு பறவைகளின் இதயத்தைத் தாக்கும். காய வைத்தாலும் கூடாது.

கேள்வி (போச்சம்பள்ளி): மாங்கொட்டைப் பருப்பு மாவை மக்காச்சோளத்துக்குப் பதிலாக முழுவதும் பயன்படுத்த முடியுமா?

பதில்: முழுவதும் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பருப்பில் மாவுச்சத்து நிறைய உண்டு, கொழுப்பும் 10 சதவீதம் அளவில் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதில் மிகுதி. அது புரதத்தைக் கட்டிப்போடும், தீவனம் உட்கொள்வதைக் குறைக்கும், அளவு மீறினால் கருவில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து, ஊற வைத்து, வேக வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு உலர்த்தினால் டானின் குறையும். நாவில் வைத்துப் பார்த்தால் துவர்ப்பு இறங்கியிருப்பது தெரியும். அதன் பிறகும் 5 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி (சேலம்): பழச்சாறுக் கடைகளின் சாத்துக்குடி, ஆரஞ்சுச் சக்கையில் வைட்டமின் சி இருப்பதால் வெயில் காலத்துக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா?

பதில்: வெயிலில் மூன்று நாள் காய்ந்த சக்கையில் வைட்டமின் சி பெருமளவு அழிந்திருக்கும். வெப்ப அயற்சிக்குத் தேவையென்றால் பூச்சிட்ட வைட்டமின் சி-யை டன்னுக்கு 200 கிராம் அளவில் சேர்ப்பதே நேர்வழி. சக்கையில் எஞ்சும் பெக்டின் என்ற பிசுபிசுப்பான நார்ப்பொருள், கோழியின் எச்சத்தை இளக்கிக் கூண்டுக்கடியில் ஈயைப் பெருக்கும், அழுக்கு முட்டையும் கூடும். விதையிலுள்ள லிமோனின் என்ற கசப்புப் பொருள் கோழிக்கு ஆகாது. விதை நீக்கி, நன்கு உலர்த்தி, 2 சதவீதத்துக்குள் என்றால் மறுக்கமாட்டேன்.

கேள்வி (கம்பம்): திராட்சைச் சக்கை, மாதுளைத் தோல் இவற்றைச் சேர்த்தால் கொலஸ்ட்ரால் இல்லாத முட்டை என்று விற்கலாமா?

பதில்: கொலஸ்ட்ரால் இல்லாத முட்டையைக் கோழி இடாது, குஞ்சு வளர அது தேவை. ஒரு முட்டையில் 200 மில்லிகிராம் அளவில் இருப்பது தீவன மாற்றத்தால் சிறிதளவே அசையும். இவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள், கருவிலுள்ள கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன, பயன் அவ்வளவுதான். மாதுளைத் தோல் தூள் அரை சதவீதம் முதல் 1 வரை, திராட்சைச் சக்கை 2 முதல் 3 வரை போதும். இரண்டிலும் டானின் உண்டு என்பதை மறவாதீர்கள்.

கேள்வி (பரமத்தி வேலூர்): உலர்த்தி மூட்டை கட்டிய தோலில் ஓரிடத்தில் மட்டும் வெண்பூஞ்சை தெரிகிறது. அதை நீக்கிவிட்டு, மீதியை வெயிலில் போட்டு எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்காமல் கட்டிய மூட்டை இது என்பது பார்க்காமலே தெரிகிறது. வெயில் பூஞ்சையைக் கொல்லலாம், அது உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்ற நச்சை நம்பத்தக்க அளவில் அழிக்காது. கோழித் தீவனத்தில் அதன் வரம்பு 20 பிபிபி, அதாவது ஒரு டன்னில் 20 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையை நீக்கி அந்த அளவை உறுதி செய்ய யாராலும் முடியாது. சென்ற ஆண்டு ஒரு பண்ணையில் இப்படி மேலோட்டமாக நீக்கிய மூட்டைக்குள் கைவிட்டபோது நடுப்பகுதி வெதுவெதுப்பாகக் கட்டி தட்டியிருந்தது. அங்கே இறந்த கோழிகளைப் பிளந்து பார்த்ததில் ஈரல் வீங்கி, வெளிர் மஞ்சளாகி, விரல் பட்டால் உதிர்ந்தது. நச்சைப் பிடித்துக்கொள்வதற்காகத் தீவனத்தில் சேர்க்கும் நச்சு ஒட்டிப் பொருள்கள் ஓரளவுக்கே உதவும். நல்லதாகத் தோன்றும் மற்ற மூட்டைகளில் ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் கைப்பிடி எடுத்து ஒன்றாகக் கலந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் கொடுத்து, முடிவு வந்த பிறகு பயன்படுத்துங்கள். பூஞ்சை கண்ட மூட்டையை எருக்குழியில் கொட்டி மண் மூடுங்கள். வீணாகிறதே என்று ஆட்டுத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.